பேர் எழுத வேண்டாத படிவம்

அத்தியாயம் 17

காய்ச்சல் விட்டு எழுந்த மறுநாளே சுகன்யாவைத் தேடிப் பிரின்சிபால் அறையிலிருந்து ஆள் வந்தது. போன வாரம் அந்த இடத்தில்தான் அவளை விட்டுவிட்டு வந்தோம். உள்ளே போனவள் ஒரு நிமிஷத்தில் திரும்பிவிட்டாள். வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து யாரையாவது கூட்டிக்கொண்டு வா என்பதற்கு மேல் அங்கே ஒரு பேச்சும் நடக்கவில்லை.

அதற்குள் ஹாஸ்டலில் ஆளுக்கொரு கதை கட்டிவிட்டார்கள். காதல் விவகாரம் என்றார்கள். வார்டில் மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டாள் என்றார்கள். உண்மைக் காரணத்தில் அவ்வளவு ருசி இல்லை. ஒரு படிவம், அவ்வளவுதான்.

பல்கலைக்கழகத்திலிருந்து வந்த படிவம் அது. நர்சிங் படிக்கிற பிள்ளைகள் தங்கள் கல்லூரியை எப்படிப் பார்க்கிறார்கள், வகுப்பு எப்படி, வார்டு எப்படி, ஆசிரியர்கள் எப்படி என்று ஐம்பது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டம். 'முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்' என்பது முதல் கட்டம், 'அறவே மறுக்கிறேன்' என்பது கடைசிக் கட்டம். பேர் எழுத வேண்டாம் என்று தலைப்பிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

மூன்றாம் வருடத்தில் நாற்பத்திரண்டு பிள்ளைகள். படிவத்தைக் கொண்டுவந்த கிளார்க், எல்லாத்துக்கும் முதல் கட்டத்திலேயே டிக் அடித்துப் பத்து நிமிஷத்தில் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போது வகுப்பில் இருந்தது பொன்னுமணி மிஸ். "பேரே வேண்டாம்னுட்டாங்கல்ல. வாசிச்சுப் பாத்து மனசுல பட்டதைப் போடுங்கடி" என்றாள் அவள். நாற்பத்தொரு பேர் கிளார்க் பேச்சைக் கேட்டார்கள். ஊரோடு ஒத்து வாழ் என்பது நர்சிங் பிள்ளைகளுக்கு யாரும் பாடம் நடத்தித் தெரிய வேண்டியதில்லை.

சுகன்யா வாசித்தாள். வாசித்ததோடு விட்டாளா, 'வேறு கருத்து' என்று அடியில் விட்டிருந்த இடத்தில் ஆறேழு வரி எழுதினாள். ஊசி பழகுவதற்கான ரப்பர்க் கை பீரோவில் பூட்டியே கிடக்கிறது, இன்ஸ்பெக்‌ஷன் அன்று மட்டும் வெளியே வருகிறது. ஆஸ்பத்திரியில் ஆள் பற்றாக்குறைக்கு எங்களைப் போட்டு நிரப்புகிறார்கள், சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. தப்புச் செய்தால் நோயாளி முன்னாலேயே திட்டுகிறார்கள், அந்த நோயாளி அப்புறம் எங்களிடம் கையை நீட்டுவதில்லை. பொன்னுமணி மிஸ் மட்டும் தன் சொந்தக் கையை நீட்டி எங்களுக்கு நரம்பில் ஊசி போடப் பழக்கினார். இவ்வளவுதான் எழுதியது.

எழுதி முடித்ததும் அவள் கை தன் பாட்டுக்குக் கீழே இறங்கி, தேதி, நேரம், கையெழுத்து என்று மூன்றையும் போட்டுவிட்டது. சு. சுகன்யா, மூன்றாம் ஆண்டு, காலை 11.40.

ஒரு இன்ஜினியரிங் பிள்ளை இந்தத் தப்பைச் செய்திருக்காது. வார்டில் காய்ச்சல் பார்த்து எழுதினாலும் சரி, கழிந்த மூத்திரத்தை அளந்து எழுதினாலும் சரி, அடியில் தேதியும் நேரமும் கையெழுத்தும் இல்லாவிட்டால் சிஸ்டர் அந்த நோட்டை மூஞ்சியிலேயே எறிவாள். மூன்று வருடம் வாங்கின ஏச்சு கையில் ஊறிப்போயிருந்தது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள், வார்டுப் பழக்கம் அதற்கும் ஒரு படி மேலே.

*

சுகன்யாவின் அம்மா ராக்கு காலை பத்து மணிக்கெல்லாம் வந்துவிட்டாள். போடிமெட்டைத் தாண்டி, ஏலக்காட்டில் கூலி ஆட்களுக்குக் கட்டிவிட்ட லயத்தில் அவர்கள் வீடு. கூப்பிட்டது அப்பாவைத்தான். ஆனால் சுருளிக்கு ஆபீஸ் என்றாலே ஆகாது. மருந்தடிக்கிற சோலி இருக்கிறது என்று சொல்லி விடியும் முன்னே நழுவிவிட்டார். காயெடுப்புக்கு லீவு போட்டுவிட்டு ராக்கு கிளம்பினாள்.

கூட்டிவந்தது மூத்தவன் அருண்பாண்டி. அவன் ஜீப்பு ஓட்டுகிறவன். விடியற்காலம் போடியிலிருந்து காயெடுக்கிற ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே போய் இறக்கிவிட்டு, வெறும் வண்டியாகக் கீழே வருவான். சாயங்காலம் ஆளை எடுக்க மறுபடி மேலே போக வேண்டும். இறக்கிவிடும்போதே தங்கச்சியிடம் சொல்லிவிட்டான், மூணேகாலுக்கு மேல் தன்னால் ஒரு நிமிஷமும் நிற்க முடியாது என்று. முப்பது பேர் மழையில் நிற்பார்கள், ஓனர் வண்டியை வேற ஆளிடம் கொடுத்துவிடுவார்.

"எல்லாரும் போட்ட மாதிரி நீயும் போட்டுத் தொலைய வேண்டியதுதான?" என்றான் அருண்பாண்டி.

நாலு நாளாக இதையேதான் சுகன்யாவும் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிரின்சிபால் அறைக்கு வெளியே ஒரு மர பெஞ்சு. பத்தரைக்கு உட்கார்ந்தார்கள். பதினொன்றரை ஆனது, பன்னிரண்டு ஆனது. அடுத்த வாரம் பல்கலைக்கழகத்துக் குழு வருகிறது என்று கல்லூரியே சுண்ணாம்பும் துடைப்பமுமாக இருந்தது. ராக்கு பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, அட்டை கடித்த கணுக்காலைச் சொறிந்துகொண்டிருந்தாள். காய்க்கறை ஏறிக் கறுத்த விரல்களை யாராவது போகும்போதெல்லாம் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அப்படி என்னத்தத்தான் எழுதித் தொலைச்ச, ஆத்தா? சொல்லு கேப்பம்" என்றாள் ராக்கு.

சுகன்யா நினைவில் இருந்ததைச் சொன்னாள். தவறு செய்தால் பிறர் முன்னிலையில் கண்டிக்கப்படுகிறேன் என்று ஒரு வாக்கியம்.

"எங்க கங்காணியக் கண்டுட்டுப் போயி எழுதுனானுகளா?" என்றாள் ராக்கு.

களைப்பினால் என்னால் பாடத்தில் மனம் செலுத்த முடியவில்லை என்று இன்னொன்று. ராக்கு அதற்குக் கையைத் தன் இடுப்பில் வைத்துக் காட்டினாள். எனக்குச் சந்தேகம் வந்தால் தயங்காமல் கேட்க முடிகிறது என்று ஒன்று. அதற்கு ராக்கு சிரித்தே விட்டாள். சத்தம் கேட்டு கிளார்க் எட்டிப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றைக்கு முழுநாளில் அவர்கள் இரண்டு பேரும் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

சிரிப்பு அடங்கியதும் ராக்கு மகள் பக்கம் திரும்பினாள். "எல்லாம் மெய்தான். ஆனா மெய்ய எழுதி நமக்கு என்ன வரப்போகுது? அவுக சொல்றதுக்குத் தலையாட்டிப்புட்டு வெரசா வெளிய வந்துருவம். பரீட்சைய எழுத விட்டாச் சரி."

பரீட்சைதான் சங்கதி. வார்டில் செய்து பழகின வேலைகளையெல்லாம் எழுதி வைக்கிற லாக் புக்கில் பிரின்சிபால் கையெழுத்துப் போட்டால்தான் பரீட்சைக்குப் போக முடியும். திங்கட்கிழமை கடைசி நாள். மற்ற நாற்பத்தொரு புத்தகங்களும் கையெழுத்தாகி வந்துவிட்டன. சுகன்யாவின் புத்தகம் மட்டும் உள்ளே மேஜை மேல் இருந்தது. போடாவிட்டால் ஒரு வருடம் போனது போனதுதான், அந்த ஒரு வருடத்துக்கு அம்மா இன்னும் எத்தனை மழையில் குனிந்து காயெடுக்க வேண்டும் என்பது சுகன்யாவுக்குத் தெரியும்.

*

உள்ளே கூப்பிட்டபோது மணி இரண்டேகால்.

பிரின்சிபால் அம்மாளைப் பார்த்தால் பயப்படத் தோன்றவில்லை. அதுதான் சுகன்யாவுக்கு ஆச்சரியம். மேஜைக்கு அடியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வீங்கின காலை ஒரு அட்டைப்பெட்டி மேல் நீட்டியிருந்தார். சாப்பாட்டு டப்பா திறக்காமல் இருந்தது. இருபது வருடம் வார்டு சிஸ்டராக நின்ற கால் அது என்று பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள். ராக்குவை உட்காரச் சொன்னார். ராக்கு நாற்காலியைத் தொட்டுப் பார்த்துவிட்டு நின்றுகொண்டாள்.

முதலில் புதுப் படிவம் ஒன்றைச் சுகன்யாவிடம் நீட்டினார். வாய்ச்சொல் ஏதும் தேவைப்படவில்லை. சுகன்யா மேஜை ஓரத்தில் வைத்து முதல் கட்டத்தில் மேலிருந்து கீழே டிக் அடித்துக்கொண்டே போனாள். ஆசிரியர்கள் என்னை ஊக்கப்படுத்துகிறார்கள், முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆசிரியர்கள் என்னை அவமானப்படுத்துகிறார்கள், அதையும் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். பாதி தாண்டும்போதுதான் அவளுக்கு உறைத்தது. நல்லதையும் கெட்டதையும் கலந்து போட்ட கேள்விகள் இவை. வகுப்பு மொத்தமும் கண்ணை மூடிக்கொண்டு, இந்தக் கல்லூரி சொர்க்கம் என்றும் நரகம் என்றும் ஒரே மூச்சில் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்திருக்கிறது. அதை மேடமும் வாசிக்கவில்லை.

சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று ஐம்பதாவது கட்டத்தையும் டிக் அடித்தாள். இந்தத் தடவை கையெழுத்துப் போடவில்லை.

பிரச்சினை அதோடு முடியவில்லை. பழைய படிவத்தைத் தாளாளர் பார்த்துவிட்டார். கிழித்துப் போட முடியாது. இப்படி எழுத யார் தூண்டினது என்று அவர் கேட்டிருக்கிறார், திங்கட்கிழமைக்குள் எழுத்தில் பதில் வேண்டுமாம்.

"எனக்கும் மேல ஒருத்தர் இருக்காரும்மா" என்றார் பிரின்சிபால், ராக்குவைப் பார்த்து. "நான் ஒரு காரணம் காட்டியாகணும். இல்லேன்னா உங்க பொண்ணு மேலதான் நடவடிக்கை எடுக்கச் சொல்வாரு. பெத்தவங்க கையெழுத்துல ஒரு கடுதாசி இருந்தா முடிஞ்சு போச்சு."

இங்கிலீஷில் டைப் அடித்த ஒரு தாளைச் சுகன்யா பக்கம் தள்ளினார். அம்மாவுக்கு அர்த்தம் சொல்லும்படி சொல்லிவிட்டு, வேறு எதையோ தேடுகிறவர் போல மேஜை டிராயரைத் திறந்து குனிந்துகொண்டார்.

தாளில் இரண்டு பாரா இருந்தது.

முதல் பாரா அவள் எதிர்பார்த்ததுதான். என் மகள் உடல்நலம் சரியில்லாத நிலையில், கேள்விகளைப் புரிந்துகொள்ளாமல் எழுதிவிட்டாள். அதற்காக வருந்துகிறோம். அதை மெதுவாகத் தமிழில் சொன்னாள். ராக்கு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையை ஆட்டினாள்.

இரண்டாவது பாராவுக்குச் சுகன்யாவின் கண் போனது. ஆசிரியை பொன்னுமணியின் தூண்டுதலின் பேரில் இதை எழுதியதாக என் மகள் என்னிடம் ஒப்புக்கொண்டாள். மேற்படி ஆசிரியை விதிமுறைக்கு மாறாகத் தன் கையிலேயே மாணவிகளை ஊசி போட வற்புறுத்தினார். இதனால் என் மகள் மிகவும் பயந்துபோயிருக்கிறாள். அவர் மீது தக்க நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

அவள் எழுதினது முழுவதிலும் நல்லதாக எழுதின ஒரே வரி, மிஸ் தன் கையை நீட்டினதுதான். அந்த வரியைத்தான் உருவி எடுத்து மிஸ் கழுத்துக்குச் சுருக்குப் போட்டிருந்தார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், இவள் வாயால் கெட்டது இன்னொருத்தி.

டிராயருக்குள் தேடல் நீண்டுகொண்டே போனது. மேடத்தின் முகம் தெரியவில்லை, நரைத்த வகிடு மட்டும் தெரிந்தது. லாக் புக் எட்டுகிற தூரத்தில் இருந்தது. வெளியே ஜீப்பு ஹாரன் ஒரு தடவை கேட்டது.

"அவ்வளவுதானா ஆத்தா?" என்றாள் ராக்கு.

சுகன்யா கெட்ட பிள்ளை இல்லை. அதை இத்தனை வாரமாகக் கூடவே வருகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆறு மாதமாக ராத்திரி டியூட்டியும் பகல் வகுப்புமாக அலைந்து, காய்ச்சலில் விழுந்து எழுந்து, நாலு நாளாகச் சோறு இறங்காமல் நின்றவள். எப்படியாவது இந்த அறையை விட்டு வெளியே போனால் போதும் என்று இருந்தது அவளுக்கு.

"அவ்வளவுதாம்மா" என்றாள்.

ராக்கு பேனாவை வாங்கி, தமிழில் ஒவ்வொரு எழுத்தாகத் தன் பேரைப் போட்டாள். போட்டுவிட்டு மேடத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். புள்ளை தெரியாமல் செய்துவிட்டது, மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றாள். மேடம் டிராயரை மூடினார். லாக் புக்கில் கையெழுத்தானது. அதற்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

*

வெளியே தூறிக்கொண்டிருந்தது. மேற்கே மலை முழுக்க மேகம் இறங்கி, போடிமெட்டு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ராக்கு நாலரை மணி நேரத்துக்கு அப்புறம் முதல் தடவையாக மூச்சை நன்றாக இழுத்து விட்டாள். பாரம் இறங்கிய மாதிரி இருக்கிறது என்றாள். சுகன்யா லாக் புக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாள்.

கேட் பக்கம் போகும்போது ஆஸ்பத்திரியிலிருந்து முதலாம் வருடப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கல்லூரிப் பஸ்சு வந்து நின்றது. கடைசியாக இறங்கினது பொன்னுமணி மிஸ். கையில் குடை இல்லை. தலையில் பையை வைத்துக்கொண்டு நேரே இவர்களிடம் வந்தாள்.

ராக்கு அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். காய்க்கறையை மறைக்க வேண்டும் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. போன வாரம் சுகன்யா காய்ச்சலில் கிடந்தபோது ராத்திரி முழுக்க ஹாஸ்டலில் கூட உட்கார்ந்திருந்தது இந்த மிஸ்தான். லயத்துக்குப் போன் போட்டுச் சொன்னதும் அவள்தான்.

"எம் மக காய்ச்சலா கெடந்தப்ப நீங்க பெத்தவளா இருந்து பாத்தீக டீச்சரு. இனிமேலும் நீங்கதான் பாத்துக்கிறணும். நான் மலை மேல கெடக்கேன், எனக்கு ஆரத் தெரியும்?"

"அதெல்லாம் நல்லாப் படிச்சிருவா அத்தை" என்றாள் பொன்னுமணி. "லாக் புக் கையெழுத்தாயிருச்சா சுகன்யா?"

சுகன்யா தலையை ஆட்டினாள்.

"அப்பாடா. நாலு நாளா எனக்குத் தூக்கமே இல்லடி." மிஸ் சிரித்தாள். நாலு மணிக்குத் தன்னையும் மேடம் வரச் சொல்லியிருப்பதாகச் சொன்னாள். அடுத்த மாசம் பிரசவ வார்டுக்குப் பிள்ளைகளை அனுப்புகிற சங்கதியாகத்தான் இருக்கும், ரப்பர்க் கையையும் பூட்டைத் திறந்து தரச்சொல்லிக் கேட்கப்போகிறேன், மேடம் இன்றைக்கு நல்ல மனநிலையில் இருக்கிறார்களா என்று கேட்டாள்.

சுகன்யா லாக் புக்கின் மேல் விழுந்த தூறலைத் துடைத்தாள். "தெரியல மிஸ்" என்றாள். பொன்னுமணி ராக்குவிடம் சொல்லிக்கொண்டு, பிள்ளைகளை விரட்டியபடி உள்ளே போனாள்.

அருண்பாண்டி ஜீப்பைக் கிளப்பி வைத்திருந்தான். மணி மூணேகால் ஆகப்போகிறது, ஏறும்மா என்றான். ராக்கு சேலையைச் சுருட்டிக்கொண்டு முன் சீட்டுப் படியில் ஒரு காலை வைத்தாள். மகள் கன்னத்தைத் தொட்டு, நேரத்துக்குச் சாப்பிடு என்றாள்.

"அம்மா" என்றாள் சுகன்யா. "அந்தக் கடுதாசியில ரெண்டு பாரா இருந்துச்சு. நான் ஒண்ணுதான் சொன்னேன்."

ராக்குவுக்கு முதலில் விளங்கவில்லை. சுகன்யா சொன்னாள். எஞ்சின் சத்தத்தில் பாதி காதில் விழாமல், மறுபடியும் சொல்ல வேண்டி வந்தது. ஊசி, மிஸ், தக்க நடவடிக்கை. இரண்டாம் தடவை சொல்லும்போது அழுகை வந்துவிட்டது.

"வண்டிய அமத்து அப்பு" என்றாள் ராக்கு.

"அம்மா, அங்க முப்பது பேரு..."

"அமத்துங்கறேன்ல."

எஞ்சின் நின்றது. மழைச் சத்தம் மட்டும் இருந்தது. ராக்கு மகளைத் திட்டவில்லை, அடிக்கவும் இல்லை. திட்டியிருந்தால் சுகன்யாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"இப்பத்தான அந்தப் புள்ள கையப் புடிச்சுக்கிட்டு நின்னேன்" என்றாள் ராக்கு. "அவள வேலைய விட்டுத் தூக்கச் சொல்லி எழுதிக் குடுத்தது நான்தானா?"

சுகன்யா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அருண்பாண்டி ஏதோ சொல்ல வந்தான். பரீட்சை என்றான், ஒரு வருஷம் என்றான், போனது போகட்டும் என்றான். அவன் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. ராக்கு அதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பிறகு மகள் கையிலிருந்த லாக் புக்கை ஒரு தடவை பார்த்தாள். அதை வாங்குவாளோ என்று சுகன்யா பயந்தாள். அவள் வாங்கவில்லை.

படியில் வைத்த காலைக் கீழே இறக்கி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, வந்த வழியே கேட்டுக்குள் நடந்தாள் ராக்கு. கூட வா என்று மகளைக் கூப்பிடவில்லை.